பிள்ளை வரமாட்டேன் என்றால் நீங்கள் போங்கள்

(பல்லேகலயில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் ‘இளைஞர்களும் மதுவும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இளைஞர் என்றால் முப்பது வயது வரைக்கும் இழுக்கலாம். மது என்றால் கலால் திணைக்களம், திறைசேரி, தேர்தல் வாக்குறுதி என்று பேச்சு எங்கேயோ போய்விடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை. ஓ/எல் படிக்கலாம், ஏ/எல் படிக்கலாம், படிப்பை விட்டுவிட்டு வேலை தேடிக்கொண்டும் இருக்கலாம். அது குடிக்கிறது என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்த வீடு என்ன செய்வது, யாரிடம் போவது? இதை மட்டும் பேசுகிறேன். நான் டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியையாக இருந்தவள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். தகப்பன்மார் வருவது, பிள்ளையைப் பொலிஸ் பிடித்த பிறகுதான். முன்வரிசையில் இத்தனை தகப்பன்மார் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

விஷயம் தெரிந்தவுடன் வீட்டில் முதலில் வருகிற பேச்சு, “பியர்தானே.” சாராயம் இல்லை, கசிப்பு இல்லை, பியர்தானே. ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கிற ஸ்ட்ரோங் பியரில் 8.8 வீதம் மதுசாரம். பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். பெருக்கிப் பாருங்கள், 55 மில்லிலீற்றர் சுத்தமான மதுசாரம். சாதாரண சாராயம் 33.5 வீதம். கால் போத்தல் 180 மில்லிலீற்றர். அதைப் பெருக்கினால் 60. இரண்டுக்கும் இடையில் 5 மில்லிலீற்றர்தான், ஒரு தேக்கரண்டி. உங்கள் மகன் ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு பெரிய போத்தல் ஸ்ட்ரோங் பியர் குடித்திருந்தால், அவன் குடித்தது கிட்டத்தட்டக் கால் போத்தல் சாராயம். “என் மகன் கால் போத்தல் அடித்துவிட்டு வந்தான்” என்று சொல்லிப் பாருங்கள். “பியர்தானே” என்ற சொல் வாயில் வராது.

அடுத்த பேச்சு தகப்பனுடையது. “நானும் அந்த வயசுல குடிச்சவன்தான். கெட்டா போயிட்டேன்?” இதற்கு நான் முகத்துக்கு நேரே பதில் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1997-இல் வந்த ஓர் ஆய்வு பெரிய தொகையான ஆட்களை எடுத்துப் பார்த்தது. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது பத்துப் பேர் அளவுதான். வயது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சின்ன வயதிலேயே போத்தலைத் தேடுகிற பிள்ளைக்கு வேறு கஷ்டங்களும் இருந்திருக்கும். ஆனால் நாற்பது வேறு, பத்து வேறு. தப்பித்த தகப்பன் மீதி அறுபதில் ஒருவர். அவ்வளவுதான் அதற்குப் பொருள். நிதானத்துக்கும் பின்விளைவை யோசிப்பதற்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது. அது வளரும்போதே மதுவை ஊற்றுகிறோம்.

மூன்றாவது பேச்சு பயத்தில் வருவது. “வெளியில் தெரிந்தால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுமே.” 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவை விற்பதைத்தான் தடை செய்கிறது. குற்றவாளி விற்றவர். பாரில் வெள்ளைச் சட்டையோடு போன பையனுக்குப் போத்தலைக் கொடுத்த கைக்குத்தான் தண்டனை. குடித்த பிள்ளைக்கு உதவி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக யாரும் பிள்ளையைச் சிறையில் போட முடியாது. இந்த ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போகம்பறையில் 1876 முதல் இருந்த சிறைச்சாலையை மூடிக் கைதிகளை இங்கே கொண்டுவந்த பிறகு, வெளியூர்க்காரர்களுக்குப் பல்லேகல என்றால் ஒன்று கிரிக்கெட் மைதானம், இல்லாவிட்டால் மறியல். “மறியலுக்கு அனுப்பிடுவேன்” என்பது நம் வீடுகளில் மிரட்டலாகவே ஆகிவிட்டது. கொஞ்சம் பெரிய மிரட்டல் வேண்டுமென்றால், “கந்தக்காட்டுக்கு அனுப்பிடுவேன்.”

கந்தக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது பொலன்னறுவைப் பக்கத்தில் போதைப்பொருள் வழக்குகளில் அகப்பட்டவர்களைப் புனர்வாழ்வுக்கென்று வைக்கிற முகாம். 2022 ஜூன் கடைசியில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் நடந்து, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். பியர் குடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி மிரட்டினால் ஒரு பலன் மட்டும் உண்டு. அடுத்த முறை ‘சிகிச்சை’ என்று நீங்கள் வாயெடுத்தாலே பிள்ளை கந்தக்காட்டைத்தான் நினைக்கும்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். பையன் பத்தரை மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வருகிறான். அன்றைக்கு விசாரணை வேண்டாம். கை ஓங்க வேண்டாம், பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடவும் வேண்டாம். போதையில் இருக்கிறவனுக்குச் சொல்லும் புத்தி காலையில் அவன் நினைவில் இருக்காது. நீங்கள் அடித்த அடி மட்டும் இருக்கும். அன்றைக்கு ஒரே வேலை, பிள்ளை உயிரோடு விடிய வேண்டும். மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். வாந்தி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே இருக்கிற முழங்காலை மடக்கி, முகம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி விடுங்கள். ஒருவர் பக்கத்தில் விழித்திருங்கள். எலுமிச்சம்பழம், மோர், கறுப்புக் கோப்பி, தலையில் குடம் குடமாகத் தண்ணீர், எதுவும் இரத்தத்தில் இருக்கிற மதுவைக் குறைக்காது. ஈரல்தான் அதைக் கரைக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது ஆபத்து. கூப்பிட்டும் கிள்ளியும் விழிக்கவில்லை, மூச்சு நின்று நின்று வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது, வலிப்பு வருகிறது என்றால் யோசிக்காமல் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. வந்தவர்களிடம் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். “ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி வைத்தியம் பிந்தினால் பிள்ளைதான் கஷ்டப்படும். கசிப்பு குடித்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். அதற்கு வைத்தியம் வேறு.

மறுநாள் பேசுங்கள். காலையிலேயே அல்ல; தலைவலி போய், ஒரு வாய் சாப்பிட்ட பிறகு. அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசினால் அது பேச்சு இல்லை, பஞ்சாயத்து. ஒருவர் பேசினால் போதும், பிள்ளை யாரோடு நன்றாகப் பழகுமோ அவர். என்னிடம் வந்த தாய் ஒருவர் பேசிய விதத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மகனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: “நேத்து ராத்திரி நீ மூச்சு விடுறியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் மகன். பயந்துட்டேன். இதை எனக்குத் தனியாத் தாங்க ஏலாது. நான் ஒரு டொக்டரப் பார்த்துப் பேசப் போறேன். நீ வந்தா நல்லது.” அவ்வளவுதான். ‘குடிகாரன்’ என்ற சொல் அதில் இல்லை, ‘உன் அப்பனைப் போலவே’ என்பதும் இல்லை. மானம் போயிற்று என்ற ஒப்பாரியும் இல்லை. அவன் அன்றைக்குப் போகவில்லை. தாய் போனார். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன், எப்போது போக வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு தடவை குடித்த எல்லாப் பிள்ளையும் நோயாளியா? இல்லை. பொஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியில் ஜோன் நைட் என்ற டொக்டரும் அவருடைய குழுவும் 1999-இல் பதின்ம வயதினருக்கென்றே ஆறு கேள்விகளை அமைத்தார்கள். குடித்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, அல்லது குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறாயா? மனம் இலேசாக வேண்டும், கூட்டத்தோடு ஒட்ட வேண்டும் என்று குடிக்கிறாயா? தனியாக இருக்கும்போது குடிக்கிறாயா? குடித்தபோது செய்தது பிறகு மறந்து போயிருக்கிறதா? வீட்டாரோ கூட்டாளிகளோ குறைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்களா? குடித்து ஏதாவது வம்பில் மாட்டியிருக்கிறாயா? இரண்டுக்கு ‘ஓம்’ என்றால் மேலும் பார்க்க வேண்டும். இது டொக்டர்மாரும் ஆலோசகர்களும் கேட்பது. நீங்கள் வீட்டில் வினாத்தாள் ஆக்கிவிடாதீர்கள். என் அனுபவத்தில் கனமான கேள்வி மூன்றாவது. பிக் மேட்ச் நாளில் கூட்டத்தோடு குடித்த பையனைவிட, டியூஷன் முடிந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடித்த பையனை நினைத்துத்தான் நான் பயந்திருக்கிறேன். பெண் பிள்ளைகளிலும் இருக்கிறது. “பொம்பளப் புள்ள குடிக்குமா” என்று நாம் நம்ப மறுப்பதால் அவர்கள் இன்னும் ஆழமாக மறைக்கிறார்கள், உதவியும் இன்னும் பிந்துகிறது.

அந்தத் தாய் தனியாகப் போனாரே, அதுதான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது. “அவன் வரமாட்டேன் என்கிறான், அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை” என்று வருடக்கணக்கில் காத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். அவன் வராவிட்டால் நீங்கள் போங்கள். அமெரிக்காவில் ரொபர்ட் மேயர்ஸ் என்பவர் வீட்டாருக்கென்றே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். குடிக்கிறவர் வரத் தேவையில்லை. மனைவியோ தாயோ வந்து பழகிக்கொள்வார்கள். குடிக்காத நாளில் எப்படி அன்பு காட்டுவது, குடித்த நாளில் எப்படி ஒதுங்குவது, அவர் செய்த குழப்பத்தை நாமே கூட்டித் துடைக்காமல் எப்படி இருப்பது, சிகிச்சைப் பேச்சை எந்த நேரத்தில் எடுப்பது என்றெல்லாம். 1999-இல் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஆளை மடக்கிப் பேசிய வழியில் நூற்றுக்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டார் தங்கள் மன ஆறுதலுக்காக மட்டும் கூடிய வழியில் 13 பேர். இந்தப் பயிற்சி பெற்ற வீடுகளில் 64 பேர். அது வளர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஆனால் வீட்டில் சோறும் பஸ் காசும் உங்கள் கையிலிருந்தே வாங்குகிற பிள்ளையிடம் உங்கள் செல்வாக்கு இன்னும் அதிகமாகவே இருக்கும்.

நம் மொழிக்காரர் ஒருவரே இதை வாழ்ந்து காட்டியிருக்கிறார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1979-இல் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தார். வசதியான, பெயர்பெற்ற குடும்பம். மூடி மறைத்துவிட்டு வீட்டோடு இருந்திருக்கலாம். அவர் அமெரிக்கா போய்க் குடிநோய்ச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டு, 1980-இல் கணவரின் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ‘டி.டி.கே. ஆஸ்பத்திரி’ என்று சென்னையில் கேட்டால் காட்டுவார்கள். அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கும் தனியாக இரண்டு வாரப் பயிற்சி. குடித்தவர் மட்டும் தேறி வீடு அப்படியே இருந்தால், அந்த வீடே அவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும் என்பது அவர் கண்டது. 1992-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் நாட்டில் சுமித்ரயோ அமைப்பு கொழும்பில் நடத்துகிற மெல் மெதுர நிலையமும் குடிக்கிறவர், வீட்டார் இருவருக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கொழும்புக்குப் போக வேண்டாம், இங்கே எங்கே என்று கேட்பீர்கள். தெல்தெனிய ஆதார வைத்தியசாலை பக்கத்தில். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபிடியில் துண்டு எடுத்து, “மனநலக் கிளினிக் எந்த நாள்” என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எப்போதிலிருந்து குடிக்கிறான், கடைசியாக எப்போது, எவ்வளவு, வேறு ஏதாவது குளிசை, தூள், வீட்டில் அண்மையில் சாவு, பிரிவு, பரீட்சைத் தோல்வி உண்டா, இவ்வளவும் அரைப்பக்கத்தில் அடங்கும். நெரிசலான கிளினிக்கில் டொக்டருக்கு அந்த அரைப்பக்கம் பெரிய உதவி. காலையிலேயே போய் வாங்கில் உட்கார வேண்டியிருக்கும். தெரிந்தவர் யாராவது பார்ப்பார். பார்க்கட்டும், அவரும் ஏதோ ஒன்றுக்காகத்தான் வந்திருக்கிறார். சிங்களத்தில் உங்களால் சமாளிக்க முடிந்தாலும், பிள்ளைக்கு மனம்விட்டுப் பேசத் தமிழ்தான் வருமென்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். தங்கச்சியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அண்ணனின் கதை முழுவதும் அந்தப் பிள்ளையின் காதில் விழக் கூடாது.

டொக்டர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே போய் உட்காருங்கள். கதவில் காது வைக்காதீர்கள். குடிக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்: மனச்சோர்வு, பயம், கவனம் நிலைக்காத கோளாறு, யாராவது செய்த துன்புறுத்தல். இந்த வயதில் சிகிச்சை பெரும்பாலும் பேச்சுத்தான். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது. ஆனால் தினமும் நிறையக் குடித்துவந்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; ஆகவே “இன்றோடு நிறுத்து” என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமா, வேறு வாசல்களும் உண்டு. சுகாதார அமைச்சு இளவயதினருக்கென்று நடத்துகிற ‘யொவுன் பியச’ நிலையங்கள் பற்றி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். குண்டசாலைப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். பள்ளிக்கூடத்து ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். அதிபர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உதவி கேட்டு வருகிற பிள்ளையின் பெயரைக் காலைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், விடுகைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திய பிள்ளைக்குப் பகல் முழுவதும் இடமில்லாமல் போகிறது. பாருக்குப் பின்பக்கம்தான் மிச்சம்.

செய்யக் கூடாத ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று துண்டுப்பிரசுரம் வருகிறதே, அதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்று ஒரு உண்மையான மருந்து இருக்கிறது. அதைப் போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். டொக்டர் பரிசோதித்து, நோயாளி தெரிந்து சம்மதித்து, போட வேண்டிய மருந்து. பிள்ளைக்குத் தெரியாமல் கறியில் கலந்து, அது வெளியில் போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் உங்கள் கையால் ஒரு பிடி சோறு அது நம்பிச் சாப்பிடாது. கோயிலுக்கு நேருங்கள், தர்காவுக்குப் போங்கள், தேவாலயத்தில் ஜெபம் வையுங்கள். அதெல்லாம் உங்கள் மனத்துக்குப் பலம். கிளினிக் தவணைக்குப் பதிலாக அதைச் செய்யாதீர்கள். ‘ரிஹாப்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய தனியார் வீடுகளில் மாதக் கணக்கில் விடச் சொன்னால், யார் டொக்டர், எந்தப் பதிவு, நான் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

தகப்பன்மாரே, உங்களிடம் ஒன்று. தோட்டத்திலும் சரி, டவுனிலும் சரி, சம்பள நாளில் போத்தல் வாங்கப் பிள்ளையின் கையில் காசு கொடுத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் “ஒரு சொட்டு ருசி பார்” என்று நீட்டுகிற சித்தப்பாமார் இருக்கிறார்கள். மகன் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினால் அலுமாரியில் இருக்கிற போத்தல் வெளியே போக வேண்டும். நீங்களும் குடிக்கிறவரென்றால் அதே டொக்டரிடம் அதே நாளில் நீங்களும் துண்டு எடுக்கலாம். மகனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறொன்றும் கிடைக்காது.

ஊராகவும் செய்ய இடமிருக்கிறது. ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன நாடு. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 பேர். மேடைப் பேச்சால் வந்ததில்லை. பின்னேரங்களில் விளையாட்டு, இசை, அதற்கு அரசாங்கமே காசு. இரவில் பிள்ளைகள் வீட்டில். பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி வைத்த ஒப்பந்தம். நம் ஊரில் உலகக் கிரிக்கெட் வீரர்கள் வந்து ஆடுகிற மைதானம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பந்து அடிக்க எந்த நிலம் இருக்கிறது என்று பிரதேச சபை உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, வழுக்கல். நான் சொன்ன அந்தத் தாய் தனியாகவே இரண்டு மூன்று தவணை போய் வந்தார். பிறகு மகன் கூடப் போனான். நன்றாக இருந்தான். சித்திரை வருடப்பிறப்புக்குக் கூட்டாளிகளோடு மறுபடி குடித்தான். தாய் அழுதுகொண்டு வந்து, “எல்லாம் வீண்” என்றார். வீண் இல்லை. இந்த நோயில் மறுபடி குடிப்பது அடிக்கடி நடப்பது. அடுத்த தவணைக்குப் போய், நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். அவனும் போனான். தவணையைத் தவறவிட்டால்தான் மோசம்.

பென்சில் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கு 1926. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைக்கு 1927. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்றால் 1929. உயிருக்கு ஆபத்தென்றால் 1990. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கமாட்டார்கள். யாருக்காவது வீட்டில் இந்தக் கவலை இருந்தால், கூட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் வர வேண்டாம். நாளைக் காலையில் 1926-ஐ அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.